உப்புக்காற்றில் ஒரு நாடா வடம்

மட்டக்களப்பின் கல்லடியிலோ நாவற்குடாவிலோ, கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டில் பிறிண்டர் ஒன்று திடீரென்று வேலை செய்ய மறுக்கிறது. திருத்தும் கடைக்குக் கொண்டுபோனால், மூடியைக் கழற்றியதும் கடைக்காரர் முதலில் தேடுவது உள்ளே மடிந்து கிடக்கும் வெள்ளை நாடாவைத்தான். அதன் நுனியை மெல்ல உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறார். வரிசையாகப் பளபளக்க வேண்டிய வெள்ளிநிறக் கோடுகளில் இரண்டு மூன்று மங்கியிருக்கின்றன. ஓரத்தில் பச்சை பூத்திருக்கிறது. பென்சில் அழிறப்பரால் தேய்த்து, மதுசாரத்தால் துடைத்து, மறுபடியும் செருகுகிறார். பிறிண்டர் ஓடத் தொடங்குகிறது. சில மாதங்களில் அதே பிறிண்டர் அதே மேசைக்குத் திரும்பி வந்தால் அதில் வியப்பில்லை. அழிறப்பர் பச்சையை மட்டும் எடுக்கவில்லை. செப்பின் மேலிருந்த முலாத்தையும் சேர்த்துத்தான் எடுத்தது.

கடைக்காரர்கள் இதை ரிப்பன் என்பார்கள், போன் கடைகளில் ஃபிளெக்ஸ் என்பதும் உண்டு. பொறியாளர்களின் ஆவணங்களில் இதன் பெயர் எஃப்.எஃப்.சி.; தமிழில் நாடா வடம் என்றால் பொருந்தும். பிறிண்டர், ஸ்கானர், மடிக்கணினி, தொலைக்காட்சி, காரின் ஸ்டியரிங் என்று இன்றைய கருவிகளில் எங்கெல்லாம் இரண்டு சுற்றுப்பலகைகளை இணைக்க வேண்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் இது அல்லது இதன் உறவுக்காரப் பொருள் ஒன்று இருக்கும். முழுக் கருவியின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமேயில்லை. குட்டை நாடா ஒன்றை மொத்தமாக வாங்கினால் ஒரு பிளேன்ரீக்குக் கொடுக்கும் காசுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் யாரிடம் வாங்குவது என்ற முடிவு பெரும்பாலும் கடைசி நாளில், யோசனை இல்லாமல், விலையை மட்டும் பார்த்து எடுக்கப்படுகிறது. மட்டக்களப்பு வாவிக்கரையில் அந்த முடிவின் பலன் சீக்கிரமே தெரிந்துவிடும்.

அதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. எழுவான்கரை என்று ஊரார் சொல்லும் கிழக்குப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலம். 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி வடக்கே பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. அலை உடையும்போது எழும் நுண்துளிகளில் உப்பு இருக்கிறது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து யன்னல் கம்பியிலும், கூரைத் தகட்டிலும், மின்விசிறி இழுக்கும் காற்றோடு மூடிய பெட்டிகளுக்குள்ளும் படியவைக்கிறது. சாப்பாட்டு மேசையில் உள்ள தூய உப்பு, காற்றின் ஈரப்பதன் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பின் கதை வேறு. அதிலுள்ள மக்னீசியம் குளோரைட்டு 33 சதவீத ஈரப்பதனிலேயே நீரைப் பிடித்துவிடும். கச்சான் காற்று வீசும் வரண்ட மாதங்களில்கூட, கடலுப்பு படிந்த ஒரு பரப்பு முற்றாக உலர்ந்துபோவது அரிது. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று அதன்மேல் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் படலத்தில் குளோரைட்டு, அதன் கீழே உலோகம், உலோகத்தில் மின்னழுத்தம். அரிப்பு வேகமெடுக்க வேண்டிய மூன்றும் அங்கே கூடிவிடுகின்றன.

நாடா வடத்தின் உடம்புக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. மெல்லிய தட்டைச் செப்புப் பட்டிகளை இணையாக அடுக்கி, மேலும் கீழும் பொலியெஸ்டர் படலம் வைத்து, சூடான உருளைகளுக்கிடையே அழுத்தி ஒட்டுகிறார்கள். இரு நுனிகளில் மட்டும் சில மில்லிமீற்றர் நீளத்துக்குச் செப்பு வெளியே தெரியும். அந்த இடம் கனெக்டருக்குள் போகும்போது மடங்காமலிருக்கப் பின்புறம் நீல நிறத் தாங்குபட்டி ஒன்றை ஒட்டுகிறார்கள். அங்கே மொத்தத் தடிப்பு பொதுவாக 0.3 மில்லிமீற்றர். கோட்டுக்குக் கோடு தூரம் பரவலாக 0.5 அல்லது 1 மில்லிமீற்றர். வடம் சாகும் இடம் இந்த நுனிதான். ஆகவே வழங்குநரைத் தேர்வது என்பது, பெரும்பாலும், அந்தச் சில மில்லிமீற்றரில் என்ன பூசப்பட்டிருக்கிறது என்று உண்மையைச் சொல்லக்கூடிய ஒருவரைத் தேர்வதுதான்.

ஒரு கருவியை மனதில் வைத்துக்கொண்டால் இது தெளிவாகும். வாவியின் உப்பளவையும் நீர்மட்டத்தையும் மணிக்கொரு தடவை பதிந்துவைக்கும் சிறு பெட்டி ஒன்றை இங்குள்ள இளைஞர் குழு செய்ய விரும்புகிறது என்று கொள்வோம். மாரி மழையில் நன்னீர் நிறைந்து, முகத்துவாரம் திறந்து, மறுபடி மணல் மூடும்வரை வாவியின் உப்பு ஏறி இறங்கும் விதம் மீன்பிடிப்பவர்களுக்கும் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் வயல்காரர்களுக்கும் பயனுள்ள செய்தி. பெட்டிக்குள் ஒரு சுற்றுப்பலகை, மூடியில் ஒரு சிறு திரை, இரண்டையும் இணைக்க 20 கோடுள்ள நாடா வடம். மாதத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து தரவை எடுக்கவேண்டும். கருவி எளியதுதான். ஆனால் அது நிற்கப்போகும் இடம் ஒரு கொழும்பு அலுவலக மேசை அல்ல.

குழு தட்டக்கூடிய கதவுகள் மூன்று. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் கடைகளில் கையில் கிடைப்பதை வாங்கலாம். சீன இணையச் சந்தைகளில் பத்து நாடா கொண்ட பொதியொன்றை வரவழைக்கலாம். அல்லது மோலெக்ஸ், வூர்த், சுமிட்டோமோ போன்ற உற்பத்தியாளர்களின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் சில மடங்கு விலை கொடுத்து வாங்கலாம். முதல் இரண்டையும் குறைவாகப் பேச வேண்டியதில்லை. திருத்தும் கடைகளை உயிரோடு வைத்திருப்பவை அவைதான். ஆனால் அங்கே கிடைக்கும் நாடாவுடன் தரவுத்தாள் வராது. வேறுபாடு அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

தரவுத்தாளில் முதலில் படிக்கவேண்டிய சொல் முலாம். மலிவான நாடாக்களில் நுனிக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள். வெள்ளீயத்தின் மேல் மிக மெல்லிய, கடினமான ஒட்சைட்டுப் படலம் உண்டு. கனெக்டரின் வில்முனை அழுத்தும்போது அது உடைந்து, உலோகத்தோடு உலோகம் இறுகப் பொருந்துகிறது. காற்றே புகாத அந்தப் பொருத்தம் அசையாதிருந்தால் பல வருடம் நிற்கும். ஆனால் வெயிலில் கிடக்கும் பெட்டி பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. தொடுமுனை சில மைக்ரோமீற்றர் நகர்கிறது, புது வெள்ளீயம் வெளிப்படுகிறது, அது ஒட்சியேறுகிறது, மறுநாள் மறுபடியும் நகர்கிறது. தினமும் இப்படி உராய்ந்து சேரும் துகள்கள் ஒருநாள் இணைப்பையே தடுத்துவிடும்.

அப்படியானால் தங்கமுலாம் கேட்கலாமே என்று தோன்றும். கேட்கலாம், ஆனால் எவ்வளவு தடிப்பு என்றும் கேட்கவேண்டும். மலிவான தங்கமுலாம் 0.05 மைக்ரோமீற்றர் அளவில் இருக்கலாம். நம்பகமான கனெக்டர்களில் காணப்படும் 0.76 மைக்ரோமீற்றரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மிக மெல்லிய தங்கத்தில் நுண்துளைகள் நிறைய. உப்புப் படலம் அந்தத் துளைகள் வழியே கீழேயுள்ள நிக்கலையும் செப்பையும் எட்டுகிறது. அங்கே தங்கம் காவல்காரனாக இருப்பதில்லை. மின்வேதியியலில் உயர்ந்த உலோகம் தாழ்ந்ததோடு சேர்ந்து ஈரத்தில் இருந்தால், தாழ்ந்தது இன்னும் வேகமாகக் கரையும். வாவிக்கரையில் ஒரு மெல்லிய தங்கம், நல்ல தடித்த வெள்ளீயத்தைவிட மோசமாக நடந்துகொள்ள இடமுண்டு. “கோல்ட் பிளேட்டட்” என்று மட்டும் எழுதிவிட்டு எண் தராத வழங்குநர், இந்த ஊருக்குத் தேவையான தகவலைத் தரவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. நாடாவின் நுனியில் தங்கம், கனெக்டரின் வில்லில் வெள்ளீயம், அல்லது மறுதலையாக. இரண்டு உலோகங்களும் ஈரத்தில் சந்தித்தால் மேலே சொன்ன அதே கரைதல் நடக்கும். போதாததற்கு மென்மையான வெள்ளீயம் தங்கத்தின்மேல் அப்பி அங்கேயே ஒட்சியேறும். இருபுறமும் ஒரே உலோகம் என்பது கைவினைஞர்களிடமும் பொறியாளர்களிடமும் உள்ள பழைய விதி. ஆகவே நாடாவை ஓரிடத்திலும் கனெக்டரை வேறிடத்திலும் வாங்கும்போது இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும்.

வெள்ளீயத்துக்கு இன்னொரு விசித்திரக் குணமும் உண்டு. அழுத்தத்தில் இருக்கும் தூய வெள்ளீயம், தன் உடம்பிலிருந்து தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய உலோக இழைகளைத் தானாகவே வளர்க்கும். இழை பக்கத்துக் கோட்டைத் தொட்டால் குறுஞ்சுற்று. 1998 மே 19 அன்று கலக்ஸி 4 என்ற செய்மதி கட்டுப்பாட்டை இழந்ததும், அமெரிக்காவின் பேஜர்களில் பெரும்பகுதி ஒரே நாளில் ஊமையானதும் இத்தகைய இழையால்தான் என்று ஆராய்ந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். 2011இல் டொயோட்டா கார்களின் முடுக்கி மிதிகளை ஆராய்ந்த நாசா பொறியாளர்களும் சில மிதிகளின் உணரிகளுக்குள் இதே இழைகளைக் கண்டார்கள். வெள்ளீயத்தோடு கொஞ்சம் ஈயம் கலந்தால் இழை வளர்வது பெரிதும் குறையும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விடயம். ஆனால் ஈயம் நஞ்சு. 2006 யூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இலத்திரனியல் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது; உலகமே அதன்பின் போனது. அது சரியான முடிவுதான். ஆனால் நாடா வடத்தின் நுனியை வில்முனை எப்போதும் அழுத்திக்கொண்டிருப்பதால், இழை வளர இதைவிட நல்ல இடம் வேறில்லை. அதனால் நெருக்கமான கோடுகள் உள்ள நாடாக்களில் உற்பத்தியாளர்கள் தங்கத்துக்கு மாறினார்கள், அல்லது வெள்ளீயத்தைச் சூடாக்கிப் பக்குவப்படுத்தும் முறைகளைக் கண்டார்கள். தங்களுடைய நாடாவில் இழை வளர்ச்சியைச் சோதித்தீர்களா என்ற கேள்விக்குப் படத்தோடு பதில் அனுப்பும் வழங்குநர் ஒருவர் கிடைத்தால், அவரைப் பிடித்துக்கொள்ளலாம்.

கோடுகளுக்கு இடையிலுள்ள வெளியும் இங்கே ஒரு முடிவு. 0.5 மில்லிமீற்றர் நாடாவில் கோட்டின் அகலம் சுமார் 0.3 என்றால், இரண்டு கோடுகளுக்கு நடுவே மிஞ்சுவது 0.2 மில்லிமீற்றர். ஈரப்படலம் ஒன்று அதைக் கடந்துவிட்டால், நேரோட்ட அழுத்தத்தில் உலோகம் ஒருபுறம் கரைந்து மறுபுறம் பன்னம் இலை போலக் கிளைத்துப் படியும். வாவிப் பெட்டிக்கு இடத்தட்டுப்பாடு இல்லை. 1 மில்லிமீற்றர் நாடாவை எடுத்து, மின்வழங்கல் கோட்டுக்கும் நிலக்கோட்டுக்கும் நடுவே ஒரு கோட்டை வெறுமையாக விட்டால், காசு செலவழிக்காமலே ஆயுள் கூடும்.

கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒன்று எப்படிக் கழுத்தறுக்கும் என்பதற்கு, ஈரமான நாடுகளில் இருப்பவர்கள் மறக்கக்கூடாத வரலாறு ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டி ஃபுஜிட்சு விற்ற ஹார்ட் டிஸ்க்குகள் சில மாதங்கள் ஒழுங்காக ஓடிவிட்டுக் கூட்டம் கூட்டமாகப் பழுதடைந்தன. வட்டோ, அதைச் சுழற்றும் மோட்டரோ குற்றவாளியல்ல. சிரஸ் லொஜிக் என்ற நிறுவனத்தின் சிப் ஒன்றைப் பொதிய, சுமிட்டோமோ பேக்கலைட் தயாரித்த பிளாஸ்டிக் பயன்பட்டிருந்தது. தீப்பிடிக்காமலிருக்க அதில் செம்பொசுபரசு சேர்த்திருந்தார்கள். ஈரம் புகுந்ததும் அது பொசுபோரிக்கமிலமாக மாறி, சிப்பின் கால்களுக்கிடையே மின்பாதை ஒன்றை உண்டாக்கிவிட்டது. வழக்குகள் பல வருடம் நடந்தன. ஹார்ட் டிஸ்க் செய்தவருக்கும் அந்தப் பிளாஸ்டிக்குக்கும் நடுவே எத்தனை கைகள் என்று எண்ணிப் பாருங்கள். நாடா வடத்தின் பசையிலும் தீத்தடுப்புப் பொருள் இருக்கிறது. அது என்ன என்று வழங்குநரைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

அடுத்தது வளைவு. இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். செப்புப் பட்டி நாடாவின் நடுவே இருக்கும்போது, அதன் தடிப்பில் பாதியை வளைவின் ஆரையால் வகுத்தால் செப்பின் வெளிப்புறம் எவ்வளவு இழுபடுகிறது என்று தெரியும். 0.05 மில்லிமீற்றர் செப்பை 10 மில்லிமீற்றர் ஆரையில் வளைத்தால் நீட்சி 0.25 சதவீதம். அதையே அரை மில்லிமீற்றர் ஆரையில் மடித்தால் ஏறக்குறைய 5 சதவீதம். முதலாவதைச் செப்பு பல்லாயிரம் தடவை தாங்கும். இரண்டாவதைச் சில தடவைகள்தான். 0.035 மில்லிமீற்றர் செப்பானால் இழுவை இன்னும் குறையும். பிறிண்டரின் தலை ஓடித்திரியும்போது அதன் நாடா பெரிய வட்டமாக உருண்டு வருவதை மூடி திறந்திருக்கும்போது பலரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பெரிய வட்டத்துக்குக் காரணம் இந்த வகுத்தல் கணக்கே.

இந்தக் கணக்கில் தவறியவர்கள் சிறிய ஆட்கள் அல்லர். 2016இல் வந்த மக்புக் புரோ மடிக்கணினிகளில், திரைக்குப் போகும் மெல்லிய வளைவடம் ஒன்று ஒவ்வொரு தடவை மூடி திறக்கும்போதும் சுற்றுப்பலகையின் ஓரத்தில் இழுபட்டு உராய்ந்தது. காலம் போகப்போகத் திரையின் அடியில் மேடை விளக்குகள் போல ஒளித்திட்டுகள் தோன்றின; பிறகு திரையே இருண்டது. கருவிகளைக் கழற்றி ஆராயும் ஐஃபிக்ஸிட் குழு 2019 சனவரியில் இதை விளக்கியது. 2018 மாதிரியில் அதே வடம் 2 மில்லிமீற்றர் நீட்டப்பட்டிருந்ததையும் அவர்களே அளந்து காட்டினார்கள். 2019 மே மாதம் ஆப்பிள் நிறுவனம் 13 அங்குல 2016 மாதிரிகளுக்கு இலவசத் திருத்தத்தை அறிவித்தது. அந்த வடம் செதுக்கிச் செய்யப்பட்ட வளைசுற்று, நாடா வடத்தின் விலை கூடிய தம்பி. ஆனால் செப்புக்கு அந்த வேறுபாடு தெரியாது.

கார்களும் இதற்குத் தப்பவில்லை. 2014 ஏப்ரல் 9 அன்று டொயோட்டா உலகெங்கும் சுமார் 64 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் ஏறக்குறைய 35 இலட்சத்தில் பிரச்சினை, ஸ்டியரிங் சக்கரத்துக்குள் கடிகாரச் சுருள்வில் போலச் சுற்றிக்கிடக்கும் வடம். சக்கரத்தைத் திருப்பும்போது அது சேதமாகி, ஓட்டுநரைக் காக்கவேண்டிய காற்றுப்பையின் இணைப்பு அறுந்துபோகக்கூடும் என்று கண்டார்கள். மட்டக்களப்பில் ஓடும் யப்பானிய வான்களிலும் கார்களிலும் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்ளே கேட்கும் மெல்லிய சரசரப்பு, அப்படிப்பட்ட ஒரு சுருள்நாடா விரிந்து சுருங்கும் ஓசைதான்.

வாவிப் பெட்டியின் மூடி மாதம் ஒரு தடவைதான் திறக்கும். ஆகவே இலட்சம் தடவை வளையும் நாடா அதற்கு வேண்டியதில்லை. அதற்குக் காசு கொடுப்பது வீண். வேண்டியது, மூடி திறந்தாலும் இழுபடாத அளவுக்குக் கூடுதல் நீளம். நுனியை அதிகம் கழற்றிப் பூட்டக்கூடாது என்பதும் முக்கியம். வெள்ளீய நுனிகளை இருபது, முப்பது தடவைக்கு மேல் செருகுவதற்கு உற்பத்தியாளர்கள் பொதுவாக உறுதி தருவதில்லை.

வழங்குநர் சொல்வதை நம்புவதா என்ற சந்தேகத்துக்கு, ஒரு மல்ட்டிமீற்றர் நல்ல சாட்சி. 0.3 மில்லிமீற்றர் அகலமும் 0.05 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தூய செப்பு, ஒரு மீற்றருக்கு சுமார் 1.15 ஓம் தடை காட்டவேண்டும். 0.035 தடிப்பானால் 1.64 ஓம். நீளமான நாடா ஒன்றில் 100 மில்லிஅம்பியர் ஓடவிட்டு இரு முனைக்கும் இடையிலான மில்லிவோல்ற்றை அளந்தால், சொன்ன செப்பு உள்ளே இருக்கிறதா, தடிப்பில் கைவைத்திருக்கிறார்களா, அலுமினியத்துக்குச் செப்புத்தோல் போர்த்தியிருக்கிறார்களா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்யக்கூடிய சோதனை. இதே எண் வடிவமைப்புக்கும் உதவும்: 20 சென்ரிமீற்றர் நாடாவில் அரை அம்பியர் போய்த் திரும்பினால் 0.23 வோல்ற் வழியிலேயே தொலைகிறது. 3.3 வோல்ற்றில் ஓடும் சுற்றுக்கு அது பெரிய இழப்பு. மின்வழங்கலுக்கு இரண்டு மூன்று கோடுகளைச் சேர்த்துப் பயன்படுத்துவது அதனால்தான்.

நுனிகளின் திசையைப் பற்றி ஒரு வார்த்தை. இரு நுனியிலும் கோடுகள் ஒரே பக்கம் தெரியும் நாடா ஒருவகை. எதிர்ப்பக்கங்களில் தெரிவது மற்றொருவகை. ஒரு நிறுவனம் இவற்றை ஏ, டி என்கிறது. இன்னொன்று 1, 2 என்கிறது. மாறி வாங்கினால் முதலாம் கோடு இருபதாம் கோட்டோடு சேர்ந்து, மின்வழங்கல் தலைகீழாகிப் பலகை எரிந்துபோகலாம். பெயரை நம்பாமல் படம் வரைந்து அனுப்பவேண்டும்.

பொருள் நல்லது என்று தெரிந்த பிறகு எஞ்சும் கேள்வி, அது தொடர்ந்து கிடைக்குமா என்பது. 2011 சனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது இங்குள்ள எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே வருடம் ஒக்டோபரில் தாய்லாந்தின் அயுத்தயா மாகாணத்துக் கைத்தொழிற்பேட்டைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. வெஸ்டேர்ன் டிஜிட்டலின் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலை முழங்கால் ஆழத்தை மிஞ்சிய நீரில் நின்றது. வளைசுற்றுகள் செய்யும் யப்பானிய நிறுவனமான ஃபுஜிகுராவின் தாய்லாந்துத் தொழிற்சாலைகளும் தப்பவில்லை. உலகெங்கும் ஹார்ட் டிஸ்க் விலை பாய்ந்து ஏறியது. ஓரிடத்தை மட்டும் நம்பியிருந்த வடிவமைப்பாளர்கள் மாற்று வழங்குநரைத் தேடி அலைந்தார்கள். நாடா வடத்துக்கு இந்த விடயத்தில் ஓர் ஆறுதல் உண்டு: கோடுகளின் இடைவெளியும் நுனியின் தடிப்பும் பொதுவானவை என்பதால், இரண்டு நிறுவனங்களின் நாடா ஒரே கனெக்டரில் பொருந்த வழியிருக்கிறது. அந்த வழியைத் தொடக்கத்திலேயே திறந்துவைக்கவேண்டும். ஒரே ஒருவர் மட்டும் செய்யும் விசித்திர அளவுகளை ஆசைப்பட்டு எடுக்காமலிருப்பது பாதிக் காரியம்.

இலங்கையில் வாங்குபவருக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 12 அன்று அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் திருப்பிச் செலுத்துதலை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்த வருடத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவில் நின்ற டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவை நெருங்கியது. வங்கிகளில் டொலர் இல்லாமல் இறக்குமதிகள் துறைமுகத்தில் தேங்கின. அந்த மாதங்களில், குறைந்தது ஐயாயிரம் நாடா எடுத்தால்தான் தருவேன் என்ற தொழிற்சாலையைவிட, ஐம்பது நாடாவைக் கடனட்டைக்கு அனுப்பிய விநியோகஸ்தர் எத்தனையோ மேல். விலைப்பட்டியலில் அந்த மேன்மைக்கு ஒரு நிரல் கிடையாது. சிறிய அளவில் விற்பாரா, தபாலில் எத்தனை நாள், முலாத்தையோ பசையையோ மாற்றினால் முன்கூட்டி அறிவிப்பாரா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் ஒரே வழி. பெரிய உற்பத்தியாளர்களிடம் மாற்ற அறிவித்தல் என்ற ஒழுங்கு உண்டு. இணையச் சந்தையில் அதே படம், அதே பெயர், அதே விலை. உள்ளே மட்டும் வேறு நாடா வந்துசேரலாம்.

இந்த ஒழுங்குகள் நாட்டுக்குப் புதியவையல்ல. பியகம ஏற்றுமதி வலயத்தில் லங்கா ஹார்னஸ் வாகனப் பாதுகாப்புக்கான உணரிகளைச் செய்து வெளிநாட்டுக் கார் நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. படல்கமவில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வரியோசிஸ்டம்ஸ் சுற்றுப்பலகைகளைப் பொருத்துகிறது. வாகனத் தொழிலில் ஒரு பாகம் மாறினால், முதல் மாதிரியை அளந்து ஒப்புதல் வாங்காமல் உற்பத்தி நகராது. அந்தப் பழக்கம் மேல் மாகாணத்துத் தொழிற்பேட்டைகளின் வேலிக்குள்ளேயே நின்றுவிடவேண்டியதில்லை. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாவட்டத்தில் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். திருத்தும் கடைகளில் எந்த நாடா எத்தனை மாதத்தில் பச்சை பிடிக்கிறது என்று கையால் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவம் எந்தத் தரவுத்தாளிலும் இல்லை.

தரவுத்தாளில் உப்புத் தூவல் சோதனை என்று ஒரு வரி இருக்கலாம்: 5 சதவீத உப்புநீர், 35 பாகை செல்சியஸ், 48 அல்லது 96 மணி நேரம். மோசமான முலாத்தை அது விரைவில் காட்டிக்கொடுக்கும். ஆனால் கல்லடியில் எத்தனை வருடம் நிற்கும் என்று அந்தச் சோதனையால் சொல்லமுடியாது. இடைவிடாத தூவலும், பகலில் காய்ந்து இரவில் நனையும் உண்மையான காற்றும் ஒன்றல்ல. அதற்கு இங்கேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. மூன்று வழங்குநர்களிடமிருந்து நாடாக்களை வாங்கி, கனெக்டரோடு பூட்டி, துளையிட்ட மூன்று பிளாஸ்டிக் பெட்டிகளில் வைத்து, மழைத்துளி நேரே விழாதபடி ஒரு தோணித்துறையின் கூரைக்குக் கீழ் தொங்கவிடவேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் பாதி நாடாக்களின் நுனிக்குத் தொடுமுனைக்குரிய மசகுநெய் பூசலாம். பலன் இருக்கிறதா என்று அதுவும் தெரிந்துவிடும். வாரம் ஒரு தடவை, அசைக்காமல், 100 மில்லிஅம்பியர் ஓடவிட்டு ஒவ்வொரு தொடுமுனைக்கும் குறுக்கே அழுத்தத்தை அளக்கவேண்டும். புதிய தொடுமுனையில் 2, 3 மில்லிவோல்ற் வரும். கொப்பியில் மூன்று நிரல்.

வாடைக்காற்றோடு மாரி தொடங்கும்போது தொங்கவிட்டால், முகத்துவாரம் திறந்து வாவி நிறம் மாறும் நாட்களையும், தை மாசிப் பனியையும், பிறகு கச்சானின் வெக்கையையும் அந்தப் பெட்டிகள் ஒரு சுற்றுப் பார்த்துவிடும். எந்த நிரலில் எண் முதலில் 10ஐத் தாண்டுகிறதோ, அந்த நாடாவின் நுனியை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டியதுதான்.